தாத்தாவை விட நாம் மந்தமா?

1884-இல் லண்டனின் தென் கென்சிங்டனில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி நடந்தது. கூட்டத்துக்கு நடுவே 36 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு தடுப்பு. வாசலில் மூன்று பென்ஸ் கொடுத்துவிட்டு உள்ளே போனால் உயரம், எடை, பார்வை, செவித்திறன், மூச்சின் வலு, கைப்பிடியின் இறுக்கம், குத்து விடும் வேகம் என்று எல்லாவற்றையும் அளந்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கண்காட்சி முடிவதற்குள் 9,337 பேர் காசு கொடுத்துத் தங்களை அளந்துகொண்டனர். இந்த அளவுக்கூடத்தை நடத்தியவர் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினின் உறவினர். உலகில் அளக்க முடியாதது எதுவுமில்லை என்று நம்பியவர்.

கண்காட்சிக்குப் பிறகும் அருகிலிருந்த அருங்காட்சியகத்தில் கால்டனின் அளவை தொடர்ந்தது. அங்கு சேர்ந்த புள்ளிவிவரங்களில் எதிர்வினை நேரமும் ஒன்று. அதாவது, ஒரு சைகையைப் பார்த்ததும் கையை அசைக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கணக்கு. விக்டோரியா காலத்து லண்டன்வாசிக்கு அது விநாடியில் ஆயிரத்தில் சுமார் 185 பங்கு. அட்டைகள் அலமாரிக்குப் போயின. கால்டனும் 1911-இல் போய்ச் சேர்ந்தார்.

அலமாரி மறுபடி திறக்கப்பட்டது நூறாண்டு கழித்து. அமெரிக்க உளவியலாளர் இர்வின் சில்வர்மன் 2010-இல் கால்டனின் அளவுகளைப் பிற்கால ஆய்வுகளோடு ஒப்பிட்டார். புதிய சராசரிகள் 250-ஐ ஒட்டியோ தாண்டியோ நின்றன. 2013-இல் மைக்கேல் உட்லியும் இரு சக ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எதிர்வினை வேகத்துக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பு உண்டு. எனவே விக்டோரியா காலத்திலிருந்து மேலைநாட்டவரின் ஐ.க்யூ. சுமார் 13, 14 புள்ளிகள் சரிந்துவிட்டது என்றார்கள். குறைந்த அறிவுள்ளவர்கள் அதிகப் பிள்ளைகள் பெற்றதே முக்கியக் காரணம் என்றும் சொன்னார்கள். பத்திரிகைகளுக்கு அது விருந்து. தாத்தா புத்திசாலி, பேரன் மந்தம் என்ற செய்தி எந்த ஊரிலும் விலைபோகும்.

ஆனால் இதில் மூன்று ஓட்டைகள். முதலாவது, கருவி. கால்டன் பயன்படுத்தியது ஊசல். இன்றைய பரிசோதனைகள் பெரும்பாலும் கணினியில் நடக்கின்றன. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரை, ஒரு படத்தைக் காட்டுவதிலேயே ஆயிரத்தில் 16 பங்குவரை பிந்தலாம். விசைப்பலகை தன் பங்குக்குச் சற்று நேரத்தை விழுங்கும். அந்தத் தாமதம் எல்லாம் மனிதனின் கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டாவது, ஆட்கள். கால்டனிடம் வந்தவர்களில் மாணவர்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் அதிகம். தொழிற்சாலைக் கூலிகளும் சேரிவாசிகளும் சரிவிகிதத்தில் இடம்பெறவில்லை. அந்த அட்டைகளை வைத்து ஒரு நாட்டின் சராசரியைச் சொல்வது, கிளப்பில் டென்னிஸ் ஆடுபவர்களைப் பார்த்து ஊரின் உடல்நலத்தைச் சொல்வது போல.

மூன்றாவது ஓட்டை இன்னும் பெரியது. கை வேகத்தை வைத்து மூளையை அளக்கலாம் என்பது கால்டன் காலத்து நம்பிக்கை. அதை 1901-இல் கிளார்க் விஸ்லர் சோதித்தார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் எதிர்வினை நேரத்தையும் வகுப்பு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். பிற்கால ஆய்வுகள் ஓரளவு தொடர்பைக் கண்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நூறாண்டுப் பள்ளத்தில் இறங்க முடியாது.

சொல்லப்போனால், அறிவு தேய்கிறது என்ற புலம்பல் உட்லியுடன் தொடங்கியதல்ல. 1937-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் ஒரு புத்தகமே எழுதினார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். அவர்கள்தான் எண்ணிக்கையில் பெருகுகிறார்கள். எனவே தேசத்தின் அறிவு பத்தாண்டுக்கு ஒரு புள்ளி வீதம் இறங்கும். இதுதான் அவர் வாதம். கணக்கு கச்சிதமாக இருந்தது. சரிபார்க்கவும் முடிந்தது.

ஸ்காட்லாந்து 1932-இல் தன் 11 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரையும், 87,498 பேரை, ஒரே நாளில் ஒரே தேர்வு எழுத வைத்திருந்தது. 1947-இல் அதே தேர்வை அதே வயதுடைய 70,805 பேருக்கு மீண்டும் வைத்தார்கள். வீழ்ச்சியை எதிர்பார்த்திருந்தவர்கள் விழித்தார்கள். சராசரி 34.5-இலிருந்து 36.7-ஆக ஏறியிருந்தது. லெஸ்டர் நகரில் தாம் 1936-இல் நடத்திய தேர்வைக் கேட்டலே 13 ஆண்டுகள் கழித்துத் திரும்ப நடத்தினார். அங்கும் ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றம்.

கணக்கு எங்கே தவறியது? 1962-இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து ஒரு விடை வந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக் குடும்பங்களை எண்ணும்போது, பிள்ளையே பெறாதவர்கள் கணக்கில் வருவதில்லை. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் பலர் மணமாகாமல், வாரிசு இல்லாமல் போனார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால், கேட்டல் கண்ட பெருக்கம் காணாமல் போயிற்று.

பிறகு வந்தார் ஜேம்ஸ் ஃப்ளின். நியூஸிலாந்தில் பேராசிரியராக இருந்து 2020-இல் மறைந்த இவர், ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார். ஐ.க்யூ. தேர்வைத் தயாரிப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சராசரியை 100 என்று புதிதாக நிர்ணயிக்கிறார்கள். பழைய தேர்வையும் புதிய தேர்வையும் ஒரே ஆட்கள் எழுதினால் பழையதில்தான் அதிகம் வாங்குகிறார்கள். அமெரிக்கர்கள் 1932-க்கும் 1978-க்கும் இடையே சுமார் 14 புள்ளிகள் ஏறியிருந்ததை அவர் 1984-இல் காட்டினார். 1987-இல் 14 நாடுகளின் விவரங்களைத் தந்தார். எல்லா இடத்திலும் ஏற்றம்தான்.

அப்படியானால் தாத்தாக்கள் முட்டாள்களா? ஃப்ளின் அப்படிச் சொல்லவில்லை. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931-32-இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் கேட்ட கேள்வியை அவர் உதாரணம் காட்டுவார். பனி மூடிய வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? எழுத்தறியாத விவசாயி, தான் கறுப்புக் கரடியைத்தான் பார்த்திருப்பதாகவும், பார்க்காததைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றும் பதில் சொன்னார். அவர் மந்தமானவரல்ல. கண்ணால் காணாததைப் பற்றி அனுமானிக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடம் கற்றுத் தருகிறது. அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. தேர்வு அளப்பதில் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தைத்தான்.

ஏற்றம் எங்கும் நிலைக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நார்வேயில் கட்டாய ராணுவ சேவைக்கு வரும் இளைஞர்கள் அனைவருக்கும் தேர்வு உண்டு. 1975 வாக்கில் பிறந்தவர்கள் வரை ஏறிய மதிப்பெண், அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. 2018-இல் பிராட்ஸ்பெர்க், ரோகபெர்க் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளுக்கு இடையிலும் அதே ஏற்றமும் அதே இறக்கமும் தெரிந்தன. எந்தக் குடும்பம் அதிகம் பெற்றது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஒரே ரத்தம், மாறியது சூழ்நிலை. கல்வியா, ஊடகமா, உணவா என்பதில் விவாதம் தொடர்கிறது.

இந்த விவாதம் பல்கலைக்கழக அறைகளுக்குள் முடிந்துவிடுவதில்லை. கால்டன் அளந்ததற்கு ஒரு நோக்கம் இருந்தது. 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883-இல் உருவாக்கியவர் அவரே. உயர்ந்தவர்கள் பெருக வேண்டும், தாழ்ந்தவர்கள் குறைய வேண்டும் என்ற கொள்கைக்கு அவர் வைத்த பெயர் அது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியா மாநிலத்தின் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் அறிவு குன்றியவை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தப் பேத்தியைச் சோதித்தபோது அவள் கைக்குழந்தை. பின்னாளில் பள்ளிக்குப் போனாள். சிறப்பு மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்தாள். அமெரிக்காவில் அப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கு மேல். 1933-க்குப் பிறகு ஹிட்லரின் ஜெர்மனியில் சுமார் 4 லட்சம். எல்லோருக்கும் கையில் ஏதோ ஒரு தேர்வு, ஏதோ ஒரு புள்ளிவிவரம் இருந்தது.

சூழ்நிலை மூளையை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. இமயமலை அடிவாரத்தில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. கருவுற்ற தாய்க்கு அது போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வெளியே தெரியும் அடையாளம் முன்கழுத்துக் கழலை. 1950களின் நடுவில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் குழு காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பரம்பரை என்று பழி சுமந்த கிராமங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சிட்டிகை மருந்து.

அதையும் நாடு சுலபமாக ஏற்கவில்லை. அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்க 1998-இல் அமலுக்கு வந்த தடையை மத்திய அரசு 2000-இல் விலக்கிக்கொண்டது. கட்டாயப்படுத்தக் கூடாது, மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். 2006-இல் தடை மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவில் இருந்த குழந்தைகள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். இந்தத் தலைமுறைக்கு மூளை மழுங்கிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள், அவர்களுடைய ரத்தத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அவர்கள் வீட்டு உப்பு ஜாடியில் அன்று என்ன இருந்தது என்று விசாரிப்பது நல்லது.