எஸ்டேட்டுக்குத் தமிழ்ல என்ன?

எங்க ஏற்காட்டுல 'எஸ்டேட்'னா காபி, மிளகு, சில்வர் ஓக் மரம். அவ்ளோதான். காமர்ஸ் எடுத்த அப்புறம்தான் அந்தச் சொல் பண்ற சேட்டையே தெரிஞ்சுது.

டிக்‌ஷனரியில 'சொத்து'ன்னு போட்டிருக்கு. ஆனா 'எஸ்டேட் டூட்டி'யை 'சொத்து வரி'ன்னு எழுதினா தப்பு மக்களே! சொத்து வரி, வீட்டுக்காக ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கட்டுறது. 1953-ல் வந்து 1985-ல் ஒழிஞ்ச எஸ்டேட் டூட்டியோ, ஒருத்தர் இறந்ததும் அவர் விட்டுட்டுப் போன சொத்துமேல போட்டது. கிண்டியில 'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்'னா தொழிற்பேட்டை. 1948-ல் சட்டம் போட்டு ஒழிச்ச 'எஸ்டேட்', ஜமீன். ரியல் எஸ்டேட்னா வீடு, மனை.

சரி, காபி எஸ்டேட்? 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்க காபியைக் கொண்டுவந்தார். இப்போ அதைத் 'தோட்டம்'னு எழுதறோம். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற நாலு கத்திரிச் செடியும் தோட்டம்தானே? இலங்கை மலையகத்துல இதே சொல்லை வச்சு, உழைக்கிற நம்ம ஜனங்களைத் 'தோட்டக்காட்டான்'னு மட்டம் தட்டினாங்க. முதலாளியை யாரும் அப்படிச் சொல்லலை. அவர் 'எஸ்டேட் ஓனர்'!

அதனால என் கட்சி இதுதான்: ஒரே தமிழ்ச்சொல் தேடி அலையாதீங்க. அந்த இடத்துல யார் பேசறாங்க, யாரைப் பத்திப் பேசறாங்கன்னு பார்த்து எழுதுங்க. ஓனருக்கு எஸ்டேட்னா சொத்து. காலையில காபிப் பழம் பறிக்கப் போற அக்காவுக்கு அது அன்னிக்குக் கூலி. இந்த ரெண்டாவது அர்த்தம் எந்த டிக்‌ஷனரியிலயும் என் கண்ணுல படலை.