எந்த அணிக்குக் கைதட்டுவது?



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை மாலை, மக்தபில் ஓதல் முடிந்து பிள்ளைகள் அனைவரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டனர். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவர் மட்டும் எழுந்திருக்காமல் அமர்ந்திருந்தார். அருகில் அழைத்து விசாரித்தோம். சற்றுத் தயங்கிவிட்டு, "ஹஸ்ரத், கிரிக்கெட்டில் நாம் எந்த நாட்டை ஆதரிக்க வேண்டும் என்று மார்க்கத்தில் ஏதும் சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டார்.

முந்தைய நாள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போட்டி நடந்திருந்தது. அந்த மாணவர் தம் வாப்பாவுடன் அமர்ந்து இறுதிவரை பார்த்திருக்கிறார். இந்தியா வென்றதும் துள்ளிக் குதித்திருக்கிறார். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் உடன் படிப்பவர்கள் சிலர், "நேத்து உங்க டீம் தோத்துப்போச்சே, வருத்தமா?" என்று கேட்டுச் சிரித்திருக்கின்றனர். மதியம் வீட்டுக்கு வந்து பெரியவாப்பா மகனிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, அவரோ, "முஸ்லிம் நாடு தோற்றதற்கு நீ ஏன் குதித்தாய்?" என்று கேட்டிருக்கிறார். காலையில் ஒரு விசாரணை, மதியம் மற்றொரு விசாரணை. பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்று தவித்திருக்கிறது.

இத்தகைய கேள்விகளை, "அதெல்லாம் வீண் விளையாட்டு, பாடத்தைப் பார்" என்று நாமும் பல ஆண்டுகள் தட்டிக்கழித்ததுண்டு. அது தவறு என்பதை அன்று உணர்ந்தோம். நம்மிடம் விடை கிடைக்காத பிள்ளை கைப்பேசியில் விடை தேடும். அங்கே கிடைக்கும் விடை எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

விளையாட்டு ஒரு நாட்டுக்குச் சொந்தமாகும் விதம்

ஒரு நாட்டு மக்கள் எந்த விளையாட்டை நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் வரலாறே தீர்மானிக்கிறது. நம் நாட்டுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் போய்விட்டனர், ஆட்டம் தங்கிவிட்டது. ஆப்கானிஸ்தானின் மரபு விளையாட்டு, குதிரைமீது அமர்ந்து ஆடும் புஸ்கஷி. அந்நாட்டில் கிரிக்கெட் வேரூன்றியதோ போரினால். போருக்கு அஞ்சிப் பெஷாவர் அகதி முகாம்களில் தஞ்சம் புகுந்த குடும்பங்களின் சிறுவர்கள் அங்கே கற்ற ஆட்டத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 2018-இல் அந்த அணி தனது முதல் டெஸ்ட் போட்டியை நம் பெங்களூரில், இந்தியாவுக்கு எதிராக ஆடியது.

துருக்கியின் எதிர்னே நகரில் ஆண்டுதோறும் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தம் நடக்கிறது. பல நூற்றாண்டு மரபு அது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் தோல் காற்சட்டை அணிந்து, உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு மல்லர்கள் களமிறங்குவர். மோதல் தொடங்குமுன் துஆ ஓதப்படுகிறது. உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவிலோ பூப்பந்துதான் மக்களின் உயிர். 1958-இல் முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்ற நாள் முதல் அது அவர்களின் பெருமையாக இருந்து வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மலப்புறத்தில் எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நம் காயல்பட்டினத்திலும் கால்பந்தின் மீது தனிப்பிரியம் உண்டு.

இவர்களுள் பெரும்பாலோர் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்களே. ஆயினும் ஆடும் ஆட்டங்கள் வெவ்வேறு. இதிலிருந்து விளங்குவது யாது? விளையாட்டின் மீதான பற்று என்பது மண்ணின் வழக்கம். ஃபிக்ஹு நூல்கள் 'உர்ஃப்' என்று கூறும் வகையைச் சார்ந்தது. மார்க்கத்திற்கு முரண்படாத வழக்கத்திற்கு ஷரீஅத்தில் இடமுண்டு. உணவும் உடையும் நாட்டுக்கு நாடு மாறுவது போல இதுவும் மாறுகிறது. ஈமானைத் தராசில் நிறுக்க இது எடைக்கல் ஆகாது.

ஒரே ஆட்டம், வெவ்வேறு மனம்

ஒரே விளையாட்டை இரு நாடுகள் ஆடினாலும், அங்கே வாழும் முஸ்லிம் வீரர்களிடம் அவை நடந்துகொள்ளும் முறை ஒன்றாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், 2021 முதல், ரமலானில் மாலை நேர ஆட்டத்தின் நடுவே சில நிமிடங்கள் நிறுத்தி, நோன்பாளியான வீரர் நோன்பு திறக்க வழிசெய்கின்றனர். கால்வாய் ஒன்றைத் தாண்டினால் பிரான்சு. அங்கே 2023-இல் கால்பந்துக் கூட்டமைப்பு, நோன்புக்காக ஆட்டத்தை நிறுத்தக்கூடாது என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தியது. பந்தும் ஒன்று, விதியும் ஒன்று. நாட்டின் பொதுவாழ்வில் மதத்துக்கு எவ்வளவு இடம் என்னும் எண்ணம் மட்டும் வேறு.

2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் ஆடினார். அப்போட்டியின் வரலாற்றில் அதுவே முதன்முறை. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிற நாட்டு வீராங்கனைகள் ஹிஜாபுடன் களம் காண முடிந்தது. போட்டியை நடத்திய பிரான்சின் வீராங்கனைகளுக்கு அந்த அனுமதி இல்லை.

கிரிக்கெட்டில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க நிகழ்வுகள் இரண்டு உண்டு. தென்னாப்பிரிக்க அணியின் ஹாஷிம் ஆம்லா, மது நிறுவனத்தின் சின்னத்தைத் தம் சட்டையில் அணிய மறுத்தார்; அணி நிர்வாகமும் அதை ஏற்றுக்கொண்டது. அதே சட்டையுடன்தான் 2012-இல் ஓவல் மைதானத்தில் 311 ஓட்டங்கள் குவித்து, தம் நாட்டுக்காக டெஸ்டில் முச்சதம் அடித்த முதல் வீரரானார். 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அணி ஆஷஸ் தொடரை வென்று மேடையில் மதுவைப் பீய்ச்சிக் கொண்டாடியபோது, உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்றார். அதைக் கவனித்த அணித்தலைவர் பேட் கம்மின்ஸ், மதுப்புட்டிகளைக் கீழே வைக்கச் சொல்லி அவரை மேடைக்கு அழைத்தார். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்ற எவரும் தம் நாட்டுக்கு அந்நியராகிவிடவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

விசுவாசத்தை அளக்கும் சோதனை

1990-இல் நார்மன் டெபிட் என்னும் பிரிட்டிஷ் அரசியல்வாதி, அங்கே குடியேறிய ஆசிய மக்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் நாட்டுப்பற்றை அளக்கலாம் என்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கே தலைவரானவர் நாசர் ஹுசைன். நம் சென்னையில், முஸ்லிம் தந்தைக்கு மகனாகப் பிறந்தவர்.

நம் நாட்டிலும் இச்சோதனை வேறு வடிவில் வருகிறது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொருவர் ஆடித் தோற்ற ஆட்டத்திற்கு முஹம்மது ஷமியின் பெயரைக் குறிவைத்துச் சமூக ஊடகங்களில் வசைமாரி பொழிந்தனர். அணித்தலைவர் விராட் கோலி, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மிகக் கேவலமான செயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஷமி 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தியபோது நாடே கொண்டாடியது. மகிழ்ச்சிதான். ஆனால் நம் பிள்ளைகள் அனைவரும் ஷமியைப் போல் பந்து வீச இயலாது. விக்கெட் எடுத்தால் சொந்தம், எடுக்காவிட்டால் அந்நியம் என்றால், பந்தே தொடாத பிள்ளை எங்கே போவது?

இவ்விடத்தில் நமக்கு நாமே ஒரு கண்ணாடியையும் பிடித்துப் பார்க்க வேண்டும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பூப்பந்தில் பெற்றுத்தந்தவர் சுசி சுசாந்தி. சீன வம்சாவளியைச் சேர்ந்தவர், முஸ்லிம் அல்லர். அவர் பதக்கம் வாங்கிய அந்நாளில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாடு முழுவதும் ஆனந்தக் கண்ணீர் வடித்தது. ஆனால் அதே நாட்டில் சீன வம்சாவளியினர், தாம் குடிமக்கள்தாம் என்பதை நிரூபிக்கத் தனிச் சான்றிதழ் காட்டவேண்டிய நிலை பல்லாண்டு நீடித்தது. நாட்டுக்காக ஆடிய பூப்பந்து வீரர்களும் அதற்கு விலக்கல்ல. 1998 மே மாதக் கலவரத்தில் அச்சமூகத்தின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, சுசி தம் நாட்டின் அணிக்காக ஹாங்காங்கில் ஆடிக்கொண்டிருந்தார்.

பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் நம்மவர்களும் இதே தவற்றைச் செய்திருக்கின்றனர். சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் நமக்கு வலிப்பது அங்கே அவர்களுக்கும் வலித்திருக்கும். அநீதி எந்தக் கையிலிருந்து வந்தாலும் அநீதியே.

பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் தம் நாட்டு வழக்கப்படி ஈட்டியும் கேடயமும் ஏந்தி மஸ்ஜிதுன் நபவியிலேயே விளையாடினர். அண்ணலார் தம் மேலாடையால் மறைத்துக்கொண்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்று சலிக்கும்வரை அதைப் பார்க்கச் செய்தார்கள். ஆடியவர்களை அவர்களுடைய குலப்பெயரான 'பனூ அர்ஃபிதா' என்பதைச் சொல்லி அழைத்து உற்சாகப்படுத்தினார்கள். உமர் (ரலி) அவர்கள் அதைத் தடுக்க முற்பட்டபோது, விட்டுவிடுமாறு கூறினார்கள். வேற்று மண்ணின் விளையாட்டு, வேற்று மக்களின் வழக்கம், நடந்த இடமோ அல்லாஹ்வின் இல்லம். மதீனாவின் ஆட்டத்தை ஆடிக்காட்டி உங்கள் ஈமானை நிரூபியுங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மற்றொரு நிகழ்வு: அண்ணலாரின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தியே தீருவான் என்னும் கருத்தைக் கூறி அண்ணலார் அதை எளிதாக எடுத்துக்கொண்டார்கள். தோல்வியை ஏற்கும் பண்புக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. இவ்விரு நிகழ்வுகளும் புகாரியில் இடம்பெற்றவை.

பிறந்த மண்ணை நேசிப்பதும் குற்றமன்று. மக்காவை விட்டுப் பிரிந்தபோது அண்ணலார் அவ்வூரின் மீதான தம் நேசத்தை வெளிப்படுத்தியதை நாம் அறிவோம். தன் கூட்டம் என்பதற்காக அநியாயத்திற்குத் துணைநிற்பதே மார்க்கம் கண்டிக்கும் இனவெறி.

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவதாக, பிள்ளைகளை விசாரிக்காதீர்கள். சொந்த நாடு வென்றால் மகிழ்வது இயல்பு; அதற்கு மார்க்கத்தில் தடையேதும் இல்லை. மற்றொரு நாட்டு வீரரின் ஆட்டத்தை ரசிப்பதும் அப்படியே. இஸ்லாமியச் சகோதரத்துவம் என்பது மிக உயர்ந்தது. பசித்தவருக்கு உணவளிப்பதிலும் ஒடுக்கப்பட்டவருக்காகக் குரல் கொடுப்பதிலும் அதைக் காட்டுவோம். ஸ்கோர் பலகையில் அதைத் தேட வேண்டாம்.

இரண்டாவதாக, பள்ளியில் பிள்ளை கேலிக்கு ஆளானால் வகுப்பாசிரியரை நேரில் கண்டு அமைதியாகப் பேசுங்கள். "பெரிதுபடுத்தாதே" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். அதேவேளை, நம் பிள்ளை பிறரைக் கேலி செய்யவில்லையா என்பதையும் பாருங்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது; அது எல்லோருக்கும் பொது.

மூன்றாவதாக, எல்லைகளை மறக்காதீர்கள். இரவு ஆட்டத்துக்காக இஷாவும், கண்விழித்ததற்காக ஃபஜ்ரும் தவறிப்போகும் வீடுகள் பெருகிவருகின்றன. பணம் கட்டி ஆடும் பந்தயம் செயலி வழியாக வந்தாலும் சூதாட்டமே. எந்த அணிக்குக் கைதட்டினாய் என்று மறுமையில் கேட்கப்படும் என நாம் எண்ணவில்லை. தொழுகையைப் பற்றிய கேள்வியோ நிச்சயம் உண்டு.

அன்று மாலை அந்த மாணவரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. அபிசீனியர்களின் ஈட்டி விளையாட்டை மட்டும் சொன்னோம். பிறகு, "நீ மகிழ்ந்தது உண்மைதானே? அது போதும். யாரிடமும் அதை நிரூபிக்க வேண்டிய கடமை உனக்கில்லை" என்றோம். சற்று யோசித்தவர், "அப்படியென்றால் வாப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா ஹஸ்ரத்?" என்று கேட்டார். "இஷாவைத் தொழுதுவிட்டுப் பார்" என்றோம். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டே நம்மைப் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கிய வல்ல ரஹ்மான், நம் பிள்ளைகளின் உள்ளங்களை அச்சத்திலிருந்தும் வெறுப்பிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.