வேரை மறைத்துப் பொருள் தேடலாமா?

ஒரு கலை தன் பொருளை இழந்த பின்னரும் வடிவத்தால் நெடுங்காலம் வாழ்தல் கூடும். கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் அசைவுத் தொடர்கள் இதற்குத் தக்க சான்றாகும். எதிரி எவருமின்றித் தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் ஆகியவற்றை வகுத்த வரிசை பிறழாது செய்து காட்டும் பயிற்சியே அசைவுத் தொடர் எனப்படுவது. பட்டி உயர்வுக்கு இதில் தேறுதல் வேண்டும். ஆயின், ஒருவன் வந்து கழுத்தைப் பிடிக்கும்போது இவ்வசைவுகள் எதற்கு உதவும் என மாணவர் வினவுமிடத்து மூன்று விடைகள் கிடைக்கின்றன. மூன்றும் குறையுடையன.

முதலாவது, அவை வெறும் ஆடல் என்னும் விடை. சண்டைக்கு மோதற் பயிற்சி உண்டு, தொடர்கள் உடல்வளத்துக்கும் ஒழுக்கத்துக்குமே உரியன என்பர் இக்கட்சியார். 1988இல் சியோலில் காட்சி விளையாட்டாகவும் 2000இல் சிட்னியில் பதக்க விளையாட்டாகவும் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற போட்டி முறையே இவர்களுக்கு அளவுகோல். அப்போட்டியில் முகத்திற் குத்துதல் ஆகாது. பற்றிப் பிடித்தலும் ஆகாது. தெருவில் நிகழும் தாக்குதலோ பிடியாலும் தள்ளாலும் முகத்துக் குத்தாலும் தொடங்குவது. பிடியை விலக்கிய விளையாட்டொன்றைக் கொண்டு, பிடிக்கு விடை கூறும் அசைவுகளைப் பயனற்றவை எனத் தீர்ப்பது, முழக்கோலால் நிறை அளப்பதை ஒக்கும்.

இரண்டாவது, பாடநூலின் விடை. அசைவின் பெயரே அதன் பொருள் என்பது இதன் கொள்கை. சர்வதேச டேக்வாண்டோச் சம்மேளனத்தின் முதற் தொடரான சொன்-ஜி 19 அசைவுகளை உடையது. இடப்புறம் திரும்பி, இடக்கையைத் தொடைக்கு மேலாகத் தாழ இறக்கி, வலக்கையை இடுப்புக்கு இழுப்பது அதன் முதலசைவு. ‘தாழ்நிலைத் தடுப்பு’ எனப் பெயர் இருத்தலால், பக்கத்திலிருந்து வரும் உதையைத் தடுப்பதென விளக்குவர். விசையோடு வரும் காலை மெலிந்த முன்கையெலும்பால் எதிர்கொள்வதன் ஆபத்து ஒருபுறமிருக்க, இழுக்கப்படும் வலக்கை என்ன செய்கின்றது என்ற வினாவுக்கு இவ்விளக்கத்தில் விடையே இல்லை. சமநிலைக்காக என்பர். குத்துச்சண்டை வீரன் எவனும் சமநிலையின் பொருட்டு முகக்காவலை நீக்கிக் கையை இடுப்பில் வைப்பதில்லை.

மூன்றாவது விடையே இன்று கவர்ச்சி மிக்கது. ஒவ்வொரு விரலசைவிலும் ஒரு மூட்டுப் பூட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் எறிமுறை மறைந்துள்ளதென்றும், தகுதியற்றோர்க்கு எட்டாவண்ணம் ஆசான்கள் அவற்றை ஒளித்து வைத்தனரென்றும் கூறுவர். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. டேக்வாண்டோ என்னும் பெயரே 1955இல் ஏற்பட்டது. அச்சம்மேளனத்தின் 24 தொடர்களை வகுத்தளித்த சோய் ஹொங் ஹி ஓர் இராணுவத் தளபதி. 24 என்பது ஒரு நாளின் மணிகள். ஜூங்-குன் தொடரின் 32 அசைவுகள், 1910இல் தூக்கிலிடப்பட்ட தேசபக்தர் ஆன் ஜூங்-குன்னின் வயது. ஹ்வா-ராங் தொடரின் 29 அசைவுகள், 29ஆம் காலாட்படைப் பிரிவு. இவை அவரே தந்த விளக்கங்கள். ஒருவரின் வயதுக்கேற்ப எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட தொடரில், ஒவ்வோர் அசைவும் போர்த்தேவையால் அமைந்ததென எங்ஙனம் கொள்வது? செய்யுளில் அசைநிலைச் சொற்கள் வருவதுண்டு. அவற்றுக்கும் ஆழ்பொருள் கற்பிப்பவன் நல்ல உரையாசிரியனல்லன்.

அவ்வாறாயின் அசைவுகளிற் பொருளே இல்லையா? உண்டு. அது தேடப்பட வேண்டிய இடம் வேறு. சோய் ஹொங் ஹி யப்பானிற் பயின்றது கராத்தே. அக்கலையை 1922இல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொணர்ந்தவர் கிச்சின் பூனகோஷி. அவருடைய ஆசான்களுள் ஒருவரான அன்கோ இத்தொசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஒக்கினாவாப் பாடசாலைகளுட் புகுத்தி, மாணவர்க்கேற்ற தொடர்களையும் வகுத்தவர். பூனகோஷி 1935இல் வெளியிட்ட நூலில் ஒன்பது எறிமுறைகளும் இடம்பெற்றுள்ளன. பற்றுதலும் இழுத்தலும் வீழ்த்தலும் இம்மரபின் வேரிலேயே உள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1945இல் விடுதலையடைந்த கொரியாவுக்கோ அவ்வேர் வெட்கமாயிற்று. 35 ஆண்டு அந்நிய ஆட்சியை அனுபவித்த மக்களின் மனப்புண் விளங்கிக் கொள்ளத்தக்கதே. ஆயினும் அதற்கு மருந்தாகப் பல நூற்றாண்டுத் தொன்மை புனையப்பட்டது. பெயர்கள் மாறின, அசைவுகள் நின்றன, பொருள் வழியில் உதிர்ந்தது. இட்டோ ஹிரோபுமியை 1909இல் சுட்டுக்கொன்ற வீரரின் பெயர் தாங்கிய தொடரிலும் யப்பான் வழிவந்த அசைவுகளே உள்ளன என்பதை எத்தனை பயிற்சிக்கூடங்கள் மாணவர்க்குச் சொல்லும்?

வேரை ஒப்புக்கொண்டதும் சொன்-ஜியின் முதலசைவு பேசத் தொடங்குகின்றது. இடுப்புக்கு வரும் வலக்கை எதிரியின் மணிக்கட்டைப் பற்றி இழுக்கின்றது. தாழும் இடக்கை அவனது முழங்கைக்கு மேலே அழுத்துகின்றது. திரும்புதல் என்பது பக்கத்தில் வரும் இன்னோர் எதிரியை நோக்கியதன்று. முன்னிற்பவனின் நேர்கோட்டிலிருந்து விலகுதலாகும். தோ-சான் தொடரிலுள்ள ஆப்புத் தடுப்பும் அத்தகையதே. இருகையாற் சட்டைக் கழுத்தைப் பற்றுவோனின் கைகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கி, உதைத்து, இருமுறை குத்துவது அது.

ஆயினும் வேரை அறிதல் மட்டும் போதாது. அதே தோ-சானில், பற்றப்பட்ட கையை முறுக்கி, உடலைச் சுழற்றி விடுபடும் அசைவொன்றுண்டு. அது எதிரிக்கு ஒரு கணம் முதுகைக் காட்டுகின்றது. கூட்டாளி தன் மற்றக் கையைச் சும்மா வைத்திருக்கும்வரை அஃது அழகாகப் பலிக்கும். அவன் இழுக்கவும் குத்தவும் விடப்பட்டால் அதே அசைவு அவனுக்கே வாய்ப்பாகும். ஒரே தொடருக்குள்ளும் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உள. அதனைத் தீர்ப்பது ஆசானின் கறுப்புப் பட்டியுமன்று, மரபின் தொன்மையுமன்று. எதிர்த்து நிற்கும் உடலேயாகும். எதிர்ப்பவனைக் கொண்டு பரீட்சிக்கப்படாத எவ்விளக்கமும், எத்துணை நுட்பமாயினும், ஊகமே.

இது ஏட்டு வாதமன்று. சில ஆண்டுகள் உழைத்துப் பட்டி பெற்ற மாணவி ஒருத்தி, இருட்டிய பின் பஸ் தரிப்பிடத்தில் தன் கையைப் பற்றுவோனிடமிருந்து அச்சுழற்சியால் விடுபடலாம் என நம்பி நின்றால், அந்நம்பிக்கைக்குப் பொறுப்பு யாருடையது? கற்பியாதிருந்தால் அவள் கூவியேனும் ஓடியேனும் தப்பியிருப்பாள். தற்காப்பின் முடிவு வெல்வதன்று, தீங்கின்றி விலகி வீடு சேர்தலே. அதற்கு உதவாத அசைவை உதவாததென்று சொல்லும் நேர்மை கற்பிப்போருக்கு வேண்டும். தொடரின் பிறப்பைப் பிறப்பென்று சொல்லும் துணிவும் வேண்டும். பிழையான உரை ஏட்டில் இருந்தால் தேர்விற் புள்ளி குறையும். உடலில் இருந்தால் உயிரே போகும்.