செய்தியைச் சோதிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எத்தனை புள்ளி?

கொஞ்சம் நீளமான பதிவு. பெறுபேறு வரும் நாட்களில் "யாருக்கு எத்தனை ஏ?" என்று கேட்கும் எல்லோரும் இதையும் ஆறுதலாக ஒருமுறை வாசித்தால் சந்தோஷம்.

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பேஸ்புக்கில் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில். அதற்கு முன்னால் என்ன பேசினார்கள் என்பதை விட்டுவிட்டு அந்த வரி மட்டும் தனியாகப் பரவியது. அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று அர்த்தம் சொல்லப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று பரவி, கொட்டராமுல்லையில் ஒரு சகோதரரின் உயிரையும் எடுத்தது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

வாளோடு வந்தவர்கள் எல்லோரும் ஏமாந்து வந்தவர்கள் அல்ல. காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். அவர்களை எந்தப் பாடமும் மாற்றாது. நான் யோசிப்பது வீட்டுக்குள் இருந்துகொண்டு "ஏதோ இல்லாமலா சொல்வார்கள்" என்று நினைத்த சாதாரண மனிதர்களைப் பற்றி. அவர்களும் ஏதோ ஒரு பாடசாலையில் படித்தவர்கள்தான்.

அதற்கு முந்திய வருடம் அம்பாறையில் என்ன நடந்தது? ஹோட்டல் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை. காசாளராக இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. அவர் பயத்தில் ஆமென்று தலையாட்டிய வீடியோதான் ஆதாரமாகச் சுற்றியது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வு, அது வெறும் மாக்கட்டி என்றது. அதற்குள் திகனவும் எரிந்து முடிந்திருந்தது. 2018இல் தன் தளம் பாவிக்கப்பட்ட விதத்துக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம்தான் மன்னிப்புக் கேட்டது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் மொழியும் இருப்பதைக் கவனியுங்கள். நம்மைப் பற்றிய வதந்தி சிங்களத்தில் ஓடுகிறது. அதற்கான மறுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. நம் பிள்ளை தமிழில் மட்டும் வாசிக்கிறது. அப்படியிருக்க அது எதைச் சோதிக்கும்? இரண்டாம் மொழி சிங்களப் பாடத்தைப் பரீட்சைக்கு அவசியமில்லை என்று ஓரங்கட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, நம் பக்கமும் பேசுவோம். நம் ஊர் குறூப்களில் ஒரு நாளைக்கு எத்தனை போவர்ட் வருகிறது? காணாமல் போய் எப்போதோ கிடைத்துவிட்ட பிள்ளையின் படம், பெயரில்லாத "ஒரு டொக்டர்" சொன்ன மருந்து. மத்ரஸாவில் அறிவிப்பாளர் வரிசை பற்றி, ஹதீஸ் கலை இமாம்கள் ஒரு ஹதீஸுக்காக ஊர் ஊராகப் போனது பற்றி எல்லாம் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே பிள்ளை வீட்டுக்கு வந்து, யார் சொன்னார் என்றே தெரியாத ஒன்றை பத்துப் பேருக்கு அனுப்புகிறது. வாப்பாவும் அதைத்தான் செய்கிறார்.

பாடசாலையில் என்ன நடக்கிறது? காலைக் கூட்டத்தில் "பொய்ச் செய்திகளைப் பகிராதீர்கள்" என்று ஒரு புத்திமதி. தொடர்பாடலும் ஊடகக் கல்வியும் என்றொரு பாடம் இருக்கிறது, ஆனால் விரும்பியவர்கள் மட்டும் எடுப்பது. மற்றவர்களுக்கு ஒப்படை, செயற்றிட்டம். அதை எப்படிச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். கொமியூனிகேஷன் கடையில் தலைப்பைச் சொன்னால் பிரிண்ட் வரும். அட்டை போட்டு, பூ ஒட்டினால் நல்ல புள்ளி. இப்போது அந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை, சட்ஜிபிடி எழுதித் தருகிறது.

இதில் வேடிக்கை, இதற்கான வழிமுறை நம் நாட்டிலேயே உருவானது. 2004இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் நடந்த சர்வதேசச் செயலமர்வில் "எம்பவரிங் எய்ட்" என்ற மாதிரியை உருவாக்கினார்கள். தேவையை இனங்காணல், தேடல், தெரிதல், ஒழுங்குபடுத்தல், ஆக்குதல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல் என்று எட்டுப் படிகள். நாம் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் மட்டும் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறோம். புள்ளி இல்லாத வேலையைப் பிள்ளை செய்யாது. சொல்லப்போனால் ஆசிரியரும் செய்வதில்லை.

நான் தரம் 10இல் ஒரு கேள்வி கொடுத்தேன். 2020இல் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவியபோது மீன் வாங்கவே சனம் பயந்தது. நம் கரையோர வீடுகளில் அடுப்பு எரிந்த விதம் உங்களுக்குத் தெரியும். அப்போது முன்னாள் கடற்றொழில் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆராச்சி, பத்திரிகையாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். "மீன் பாதுகாப்பானது என்பதற்கு இது ஆதாரமா? ஏன்?" இதுதான் கேள்வி.

கணிசமானோர் ஆதாரம்தான் என்றார்கள். காரணம், "கண்ணால் பார்த்தோம்". நம் பிள்ளைகளைக் குறைசொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உருமாறிய பூக்களின் படமொன்றைக் காட்டி, புகுஷிமா அணு விபத்தின் பாதிப்புக்கு இது வலுவான ஆதாரமா என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டார்கள். படத்தை யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்றுகூட அதில் இல்லை. ஏறக்குறைய 40 வீதமானோர், படம் இருக்கிறதே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் என் வகுப்பில் ஒரு மீனவரின் மகள் எழுதிய விடை இது: "அவர் மறுநாள் எப்படி இருந்தார் என்று செய்தியில் இல்லை. ஒருவர் சாப்பிட்டதால் எல்லா மீனும் நல்லது என்று சொல்ல முடியாது. எங்களுக்கு மீன் விற்க வேண்டும், அதனால் எங்கள் பேச்சையும் விசாரித்துத்தான் நம்ப வேண்டும்." தன் வீட்டுச் சோற்றுக்கு எதிராகக்கூட யோசித்த பிள்ளை. இதற்கு எந்த வினாத்தாளில் புள்ளி இருக்கிறது?

அதனால் இப்போது என் செயற்றிட்டங்களில் 20 புள்ளியில் முடிவுக்கு 5தான். மீதி 15, எங்கே தேடினாய், யாரிடம் கேட்டாய், இரண்டு இடத்தில் வேறுவேறாக இருந்தால் எதை ஏன் விட்டாய் என்பதற்கு. கடைசியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் வாய்மொழிக் கேள்வி. 38 பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை போதும். பிரிண்ட் எடுத்து வந்தவர் அங்கே தடுமாறுவார். அட்டை அழகாக இல்லையென்று புள்ளி குறைவதில்லை.

பாடத்திட்டம் முடியாது, பாடசாலைக்கு போன் கொண்டுவர முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் போன் இல்லாமலும் இதைச் செய்யலாம். இரண்டு பத்திரிகைத் துண்டும் ஒரு துண்டுப்பிரசுரமும் போதும். நூலக அறையைப் பூட்டி வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பழைய மாணவர் சங்கங்கள் பெயர்ப்பலகை கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் கவனித்தால் புண்ணியம்.

அடுத்த தவணைக்கு எடுத்திருக்கும் தலைப்பு அருவக்காடு குப்பைத் திட்டம். அரச தரப்பு என்ன சொன்னது, நாம் வீதியில் இறங்கி என்ன சொன்னோம், எதற்கு ஆதாரம் இருந்தது என்று பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் பார்க்கப் போகிறார்கள். போராட்டக் காலத்துத் துண்டுப்பிரசுரங்கள், பத்திரிகைகள் வீட்டில் வைத்திருப்பவர்கள் தந்து உதவுங்கள். சிங்களப் பத்திரிகை என்றால் இன்னும் விசேஷம். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், தாளாகவே வேண்டும். திகதியும் அச்சிட்டவர் பெயரும் பிள்ளைகள் பார்க்க வேண்டியிருக்கிறது.