சின்ன நாய்தானே என்கிறார்கள்

"சின்ன நாய்தான டீச்சர், அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கும்." பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் தெருவில் மட்டும் இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! பொமேரியன் வாங்கியவர் சொன்னார், பக் வாங்கியவர் சொன்னார், போன வருஷம் ஷிட்சூ வாங்கிய பெண்ணும் அதையே சொன்னாள். நாய் சின்னது என்றால் அதன் பகலும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. காலையில் எட்டேகாலுக்குப் பூட்டுகிறார்கள், சாயங்காலம் ஆறரைக்குத் திறக்கிறார்கள். நடுவில் கிடக்கிற பத்து மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அந்த நாய்க்குக் குறைவதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவள் நான். தெருவில் என்னை விட்டால் கோடி வீட்டு ஆச்சி ஒருத்திதான் இருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திசை. ஒருவர் கங்கைகொண்டான், ஒருவர் தூத்துக்குடி, ஒரு டீச்சர் தினம் பஸ் ஏறி சேரன்மகாதேவி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு டியூஷன் முடிந்து வரும்போது விளக்கு வைத்துவிடும். யாரும் சும்மா சுற்றப் போகவில்லை. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டப் போகிறார்கள். அது எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் போன பிறகு நடப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்.

பக்கத்து வீட்டுப் பொமேரியனுக்குப் பப்பி என்று பெயர். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அதனிடமிருந்து சத்தமே வராது. அந்த எஞ்சின் சத்தம் காதிலிருந்து போனபிறகுதான் ஆரம்பிக்கும். தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும்போது அதன் குரலில் ஒரு மிடுக்கு உண்டு. இது அப்படியில்லை, மூக்கால் இழுத்து இழுத்து அழுகிற சத்தம். அப்புறம் கதவைப் பிறாண்டுகிற சத்தம். அந்த வீட்டு வாசல் கதவின் உட்பக்கம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வார்னிஷ் போய் மரம் வெளுத்துத் தெரிகிறது. கீழ் ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து நிற்கிறது. ஒருநாள் பப்பியின் முன்னங்கால் நகம் பாதியில் முறிந்து ரத்தம் கட்டியிருந்தது. "எங்கயோ மாட்டிக்கிட்டு டீச்சர்" என்றாள் அந்த வீட்டுப் பெண். எங்கேயோ என்ன எங்கேயோ? கதவு அவள் கண் முன்னால்தானே இருக்கிறது!

பதினொரு மணிவாக்கில் சத்தம் அடங்கும். அதைத்தான் "பழகிட்டு" என்கிறார்கள். சிலிண்டர்காரர் தெருவில் தட்டிக்கொண்டு போனால் பழகின அந்த நாய் விழுந்தடித்து வாசலுக்கு ஓடிவரும். பழகிய லட்சணம் அதுதான். ஸ்வீடனில் உப்சாலாவிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 12 வீட்டு நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று தனியே விட்டுப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வந்த ஆய்வு. பிரிவுக்காக அழுது புரளுகிற வழக்கமே இல்லாத நாய்கள் அவை. தனியாக இருந்தபோது பெரும்பாலும் படுத்தேதான் கிடந்தன. ஆனால் ஆள் திரும்பி வந்ததும் தெரிந்தது வித்தியாசம். அரை மணி கழித்து வந்தால் காட்டியதைவிட இரண்டு மணி கழித்து வந்தால் காட்டிய பரபரப்பு அதிகம். இரண்டு மணிக்கே அப்படி. பப்பிக்குப் பத்து.

இப்போது எல்லா வீட்டிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். பட்டாசலில் டிவிக்கு மேலே உருண்டையாக ஒன்று. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெட்டியிலிருந்து "பப்பீ... என்ன செய்யுதே?" என்று குரல் வரும். ஜன்னல் வழியாக எனக்கே கேட்கும். நாய் துள்ளி எழுந்து முதலில் டிவிக்குக் கீழே போய் நிற்கும். பிறகு கதவுக்கு ஓடும். பிறகு அடுக்களை, பிறகு படுக்கையறை வாசல். குரல் கேட்ட ஆளைத் தேடி வீடு பூராவும் ஓடும். ஆள் இருந்தால்தானே! அங்கே போனை மூடிவைத்துவிட்டு அவள் சாப்பிடப் போயிருப்பாள், மனசுக்குச் சமாதானமாகியிருக்கும். இங்கே மறுபடியும் முதலிலிருந்து அழுகை. அன்பினால்தான் கூப்பிடுகிறாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தயவுசெய்து கூப்பிடாதே அம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "என் சத்தம் கேட்டா அதுக்குச் சந்தோஷம் டீச்சர்" என்கிறாள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாளையங்கோட்டையில் 100 டிகிரியைத் தாண்டியது என்று பத்திரிகையில் போடுகிற நாளில், மொட்டைமாடி காங்கிரீட்டுக்குக் கீழே ஜன்னல் சாத்திய அறை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனுஷனுக்கு வேர்க்கும், ஃபேன் காற்றில் அது ஆறும், உடம்பு குளிரும். நாய்க்கு வேர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். சுற்றியிருக்கிற காற்றே கொதித்தால் மூச்சு வாங்கி என்ன பிரயோஜனம்? பொமேரியனுக்கு அடர்த்தியாக இரட்டை ரோமம். பக்குக்கோ மூஞ்சியே சப்பை, மூச்சு விடுவதே பாடு. ஃபேனைப் போட்டுவிட்டுத்தானே போகிறோம் என்பார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை கரண்டை நிறுத்துகிற நாளில்? முன்கூட்டியே பத்திரிகையில் நம் ஏரியா பெயரோடு வருகிறது. போன் சார்ஜ் போட வேண்டும், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று ஞாபகம் வருகிறவர்களுக்கு நாய் ஞாபகம் வருவதில்லை. அன்றைக்குக் கேமராவும் அணைந்துவிடும், போனில் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு நாளில் நான் பப்பி வீட்டுக் கிரில் வழியாகக் கையை விட்டு ஒரு டம்ளர் தண்ணீரை நிலைப்படிக்குக் கீழே ஊற்றினேன். கதவிடுக்கில் நாக்கை நீட்டித் தரையை நக்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. உள்ளே அதன் கிண்ணம் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்துத்தான் சொன்னார்கள்.

ஒன்றுக்குப் போகிற விஷயம் இன்னும் கொடுமை. சொந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்று நாய்க்குப் பழக்கிவிட்டோம், அதுவும் கேட்டுக்கொண்டது. சரி, எத்தனை மணி நேரம்தான் அடக்கும்? மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம் அடக்கினாலே பெரிசு. வளர்ந்த நாயானாலும் பத்து மணி நேரம் அடக்கச் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? நம்மில் யாராவது அடக்குவோமா? என்றாவது ஒருநாள் தாங்காமல் சோபா ஓரத்தில் போய்விடும். கதவு திறந்ததும் கேட்கும் பாருங்கள் திட்டு! "தெரிஞ்சே பண்ணியிருக்கு டீச்சர், தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கி பாருங்க." அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதையே 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009இல் எழுதியிருக்கிறார். நாய் தலை குனிவதும் கண்ணைத் திருப்பிக்கொள்வதும் தப்பு செய்ததனால் வருவதில்லை, எஜமானர் திட்டுவதனால் வருகிறது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய நாயும் அப்படித்தான் நின்றது. பத்து மணி நேரம் காத்துக் கிடந்த ஜீவனுக்கு, வந்த ஆளிடமிருந்து கிடைக்கிற முதல் வார்த்தை திட்டு. இதைச் சொன்னால் பப்பி வீட்டுத் தம்பிக்கு முகம் சுண்டிப்போகிறது. போகட்டும்.

தெருக்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. நாய் ஊளையிட்டால் தெருவுக்கு ஆகாது, சாவு விழும் என்று கோடி வீட்டு ஆச்சி கத்துகிறாள். மாடி வீட்டில் குடியிருக்கிற ஷிட்சூக்காரப் பெண்ணுக்கு இன்னொரு தொல்லை. வீட்டுக்காரர் நாய் வளர்க்கக்கூடாது என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார். சத்தம் அவர் காதில் விழக்கூடாதே என்று ஜன்னலையெல்லாம் அடைத்து, திரையையும் இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். நாய் அழுவது தனிமையால். அழுதால் ஜன்னல் அடைபடுகிறது, அடைத்தால் புழுக்கம், புழுங்கினால் இன்னும் அழுகை. செல்லப் பிராணி வளர்க்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை. வாடகைக்கு இன்னொரு வீடு தேடுவது லேசா?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கிற நாயைத் தேவையான அளவு நடமாட விடாமல் இருப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எத்தனையோ வருஷமாகியும் அந்தத் தொகையை யாரும் உயர்த்தவில்லை. அதே ஸ்வீடனில், பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போயாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குத்தான் போகிறார்கள்.

பக் நாய்க்கு எங்கள் ஊரில் இன்னும் ஹட்ச் நாய் என்றுதான் பெயர். 2003இல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பையன் போகிற இடமெல்லாம் அந்த நாய் கூடவே போகும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள்தான் அதைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நான் பிறந்து வளர்ந்தது டவுனில் ஒரு வளவுக்குள். எதிரும் புதிருமாகப் பத்து வீடு, நடுவில் பொது முற்றம். வளவு நாய் என்று ஒன்று இருக்கும், அது யார் வீட்டு நாய் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒரு தார்சாவில் படுத்திருக்கும், வெயில் ஏற ஏற எதிர்த் தார்சாவுக்கு மாறும். அப்பா குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கிளம்பினால் பின்னாலேயே போய்ப் படித்துறையில் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தாமிரபரணியில் அவர் முங்கி எழுந்திருக்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு யாராவது ஊருக்குப் போனால் சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வளவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சாதி, பாதிப்பேர் சொந்தக்காரர்கள். சாவி அவ்வளவு லேசாகக் கைமாறியதற்கு அதுதான் காரணம். வேறு ஆள் அந்த முற்றத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது. இன்றைக்கு எங்கள் தெருவில் நாலு சாதி, மூன்று மதம் கலந்து இருக்கிறோம். எவ்வளவு நல்ல விஷயம்! பொங்கலும் பிரியாணியும் கேக்கும் வீடு மாறி வீடு போகின்றன. சாவி மட்டும் போகமாட்டேன் என்கிறது. என்ன பயம்? அடுக்களைக்குள் நான் போய்விடுவேன் என்றா? பீரோவைத் திறந்துவிடுவேன் என்றா? முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். என்னிடமே ஒரு கிரில் சாவியைத் தர யோசிக்கிறார்கள் என்றால் வேறு யாரிடம் தருவார்கள்?

நகம் முறிந்த அன்றைக்கே கேட்டேன். "ஏம்மா, பீரோவைப் பூட்டிக்கோ, படுக்கையறையைப் பூட்டிக்கோ. பப்பியை முன் வராண்டாவில் கிரில்லுக்குள்ளே விட்டுட்டுப் போ, அங்கே நிழலும் காற்றும் உண்டு. கிரில் சாவி ஒன்று மட்டும் என்கிட்ட கொடு. பதினொரு மணிக்கு ஒருதரம், மூணு மணிக்கு ஒருதரம் கழுத்துப்பட்டையை மாட்டி, வேப்பமர நிழலோடு தெருமுனை வரை கூட்டிட்டுப் போய் வாரேன். தண்ணி வைக்கேன். ஒரு பைசா வேண்டாம்" என்றேன். மாடி வீட்டுப் பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன், வீட்டுக்காரரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவள் கண் கலங்கினாளே தவிர வாய் திறக்கவில்லை. பப்பி வீட்டுப் பெண், "அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன் டீச்சர்" என்றாள். அப்போது தை மாசம், காலையில் குளிர் இருந்தது. இப்போது கத்திரி ஆரம்பித்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் ஏரியாவில் கரண்ட் கிடையாது என்று இன்றைய பத்திரிகையில் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வீட்டில்தான் இருப்பான். பத்திரிகையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவனிடமே கேட்கப்போகிறேன்.