“எத்தனை ஜி.பி.?” என்று மட்டும் கேட்காதீர்கள்!

ரிச்சி தெரு.

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோ ரெயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். கம்ப்யூட்டர் சாமான் எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். புதுசும் கிடைக்கும், பழசும் கிடைக்கும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா அங்கே போனார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் 2013-ம் ஆண்டு வாங்கியது. திடீரென்று திரை முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. மறுநாள் படமே வரவில்லை. “கிராபிக்ஸ் கார்டு போச்சு” என்றார்கள். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். புராஜெக்ட் வேலை பாதியில் நிற்கிறது.

கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தனை ஜி.பி. வேணும் சார்?”

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

“நாலு ஜி.பி. எடுத்துக்குங்க. ஜம்முனு இருக்கும்.”

பழைய கார்டு. விலை 3,500 ரூபாய். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான்.

வீட்டுக்கு வந்து மாட்டினார். படம் வந்தது. எட்டாம் நாள் “டப்” என்று ஒரு சத்தம். கருகிய வாடை. கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி புகைந்து போய்விட்டது!

குடோன் பெரிசு, வியாபாரம்?

ஜி.பி. என்பது என்ன? கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவு. அவ்வளவுதான். குடோன் பெரிதாக இருந்தால் வியாபாரம் பெரிதாகிவிடுமா? சரக்கை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், வாசல் அகலமாக இருக்க வேண்டும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. என்விடியா கம்பெனி 2014-ல் “ஜி.டி. 730” என்று ஒரு கார்டு விட்டது. ஒரே பெயரில் மூன்று ரகம்! ஒன்றில் பழைய காலத்து சிப். மற்ற இரண்டில் அடுத்த தலைமுறை சிப். அந்த இரண்டிலும் ஒன்றுக்கு மந்தமான டி.டி.ஆர்.3 நினைவகம், இன்னொன்றுக்கு வேகமான ஜி.டி.டி.ஆர்.5.

2017-ல் “ஜி.டி. 1030” வந்தது. அதில் ஜி.டி.டி.ஆர்.5 இருந்தது. மறு ஆண்டு அதே பெயரில் டி.டி.ஆர்.4 போட்ட இன்னொரு கார்டு வந்தது. முதல் ரகத்தில் நொடிக்கு 48 ஜி.பி. தகவல் போய் வரும். இரண்டாவதில் சுமார் 17 ஜி.பி.தான். இரண்டிலும் இருப்பது அதே 2 ஜி.பி. நினைவகம். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றால் நம்பலாமா?

கேட்க வேண்டிய நாலு கேள்வி

ஒன்று: கரண்ட் போதுமா? கார்டு செருகும் துவாரம் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கிற கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். பழைய பெட்டியில் பெரும்பாலும் அந்த ஒயர் இருக்காது. குமாஸ்தா வீட்டிலும் இல்லை. ஒட்டு ஒயர் போட்டு மாட்டினார்கள். புகைந்தது. ஜி.டி. 1030 முதல் ரகம் 30 வாட். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 75 வாட். இவை தனி ஒயர் இல்லாமலே ஓடக் கூடியவை. ஆனால் 1050 டி.ஐ.யில் சில தயாரிப்புகளுக்கு ஒயர் வேண்டும். பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு: உள்ளே நுழையுமா? ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும்.

மூன்று: மானிட்டரில் என்ன துவாரம்? பழைய மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. மட்டும் இருக்கும். இப்போதைய கார்டுகளில் அது கிடையாது. நடுவில் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அது தனிச் செலவு.

நான்கு: பழைய கார்டு என்றால், அதன் பூர்வீகம் என்ன? எதீரியம் என்ற டிஜிட்டல் காசு எடுப்பதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உண்டு. 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றது. கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. வேறொரு மோசடியும் உண்டு. மட்டமான பழைய கார்டின் பெயரை மாற்றி, புது மாடல் மாதிரி காட்டுவார்கள்! ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராம் போட்டுப் பார்த்தால் இப்படிப்பட்ட பல போலிகள் தெரிந்துவிடும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சுமைகூலி முக்கால் பணமா?

பழைய கம்ப்யூட்டருக்கு அள்ளிக் கொட்டுவதும் தப்பு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. 2013-ம் ஆண்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட அந்தக் கம்பெனி முறைப்படி அனுமதிப்பதில்லை. லினக்ஸ் போட்டு ஓட்டலாம். ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு கார்டு வாங்கி மாட்டலாமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். “ஒரு கார்டு வித்தா கொஞ்சம்தான் சார் நிக்குது. வர்றவங்க பெட்டியை எல்லாம் திறந்து பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?” என்றார்.

அவர் கஷ்டம் நியாயம்தான். ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டாமே! எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், பெட்டி என்ன சைஸ், மானிட்டர் என்ன, வேலை என்ன என்று கேட்க இரண்டு நிமிடம் போதாதா? மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்க்காமலா மாத்திரை கொடுக்கிறார்?

வாங்குகிறவர்களும் மூடியைத் திறந்து, செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு போகலாம். பில்லில் கம்பெனி பெயர், முழு மாடல் நம்பர், நினைவக ரகம் மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். பில் கொடுக்காமல் விற்பது நேர்மையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. புகார் சொல்ல தேசிய உதவி எண் 1915.

குமாஸ்தா கதை என்ன ஆயிற்று? அதே ரிச்சி தெருவில் ஒரு வயதான மெக்கானிக். புது எஸ்.எம்.பி.எஸ். போட்டார். இரண்டு கார்டையும் கழற்றி வைத்தார். மானிட்டர் ஒயரை மதர்போர்டின் பின்னால் இருந்த துவாரத்தில் செருகினார்.

படம் பளிச்சென்று வந்தது!

“புராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு சார். பாப்பா வேலைக்கு இதுவே போதும். கார்டே தேவையில்லை” என்றார்.

இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். காலணா செலவில்லை. கடையில் யாரும் சொல்லவில்லை.

மகள் பத்து நாள் தாமதமாக புராஜெக்டைக் கொடுத்தாள். 3,500 ரூபாய் கார்டு பரணில் கிடக்கிறது.

அது நாலு ஜி.பி. கார்டு!