ஐந்தெழுத்து மந்திரம்

தர்மபுரிக்கு அந்தக் காலத்துப் பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அதைப் பிடிக்க சேர ராஜா படை திரட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஜெயித்த பிறகு ‘தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை’ என்று பெயரோடு பட்டமே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அதே ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைய யானை, குதிரை எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து தெரிந்தால் போதும்: அட்மின்.

டி.வி.க்குப் பக்கத்தில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு டப்பா உட்கார்ந்திருக்கிறதே, வைஃபை ரவுட்டர், அதைத்தான் சொல்கிறேன். அதற்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டு எல்லோருக்கும் தெரிந்த வைஃபை பாஸ்வேர்டு. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் கேட்பாரே, அது. இரண்டாவது, ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கிற பாஸ்வேர்டு. ஏராளமான பழைய ரவுட்டர்களில் பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. பூட்டைப் போட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை.

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு வைரஸ் புரோகிராம் தாக்கியது. சுமார் 2,000 மோடம்கள் படுத்துவிட்டன. மாட்டியது யார் தெரியுமா? கம்பெனியிலிருந்து வந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்தவர்கள். “தயவுசெய்து உடனே மாற்றுங்கள்” என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. எத்தனை பேர் மாற்றினோம்? கையைத் தூக்கச் சொன்னால் கூட்டத்தில் பலர் குனிந்து செருப்பைத் தேடுவார்கள்.

பாலக்கோட்டில் ஒரு வீடு. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவருக்கும் வீட்டுப் பையனுக்கும் நடக்கக்கூடிய சம்பாஷணை:

“பாஸ்வேர்டு என்னங்கண்ணா?”

“உன் செல் நம்பரையே போட்டுட்டேன் தம்பி. மறக்காது.”

“செட்டிங்குக்கு வேற ஒண்ணு இருக்குமாமே?”

“அது எதுக்கு உனக்கு? நெட் வருதில்ல?”

வருகிறது. யார் யாரோ கூட வரலாம். செல் நம்பர் பத்து இலக்கம், பெரிசு என்று தோன்றும். நம் ஊர் நம்பர்கள் 6, 7, 8, 9-ல்தான் ஆரம்பிக்கின்றன. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்பு. உங்கள் போன் வைஃபையில் சேரும்போது ரவுட்டரோடு ஒரு கைகுலுக்கல் நடக்கிறது. அதைத் தெருவில் நின்றபடி காற்றிலேயே பிடித்துவிடலாம். பிறகு வீட்டுக்குப் போய், கேம் ஆடுகிற கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை விட்டு 400 கோடியையும் போட்டுப் பார்க்கலாம். சில மணி நேர வேலை. எதிர்வீட்டுக்காரருக்கு அதுகூட வேண்டாம். உங்கள் நம்பர்தான் அவரிடம் இருக்கிறதே!

பல ரவுட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதி உண்டு. நீளமான பாஸ்வேர்டுக்குப் பதில் எட்டு இலக்க நம்பர். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. அதைக் கழித்தால் ஏழு இலக்கம், ஒரு கோடி வாய்ப்பு. பலமான பூட்டுதான். ஆனால் ஸ்டெஃபான் ஃபீபோக் என்பவர் 2011 டிசம்பரில் குட்டை உடைத்தார். முதல் நாலு இலக்கம் தப்பா என்பதை ரவுட்டர் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறதாம். ஆக முதல் பாதிக்கு 10,000, மறு பாதிக்கு 1,000. ஒரு கோடி, 11,000 ஆகிவிட்டது! திருடனுக்கு “சூடு, சூடு” என்று வழிகாட்டுகிற பூட்டு.

“போனால் கொஞ்சம் டேட்டாதானே ஸார்?” என்று கேட்பீர்கள். பிரேசிலில் 2011-12-ல் சுமார் 45 லட்சம் மோடம்களை இப்படிக் கைப்பற்றினார்கள். பாஸ்வேர்டு தெரியாதவனையும் உள்ளே விடுகிற ஓட்டை அவற்றில் இருந்தது. உள்ளே போனவர்கள், எந்த விலாசம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் செட்டிங்கை மாற்றினார்கள். ஜனங்கள் தங்கள் பேங்க் பெயரைச் சரியாகத்தான் தட்டினார்கள். திறந்தது போலி பேங்க்.

இன்னொன்று நம் நாட்டில். 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு ஈமெயில் போனது. அது கிளம்பிய முகவரியைத் தேடிப் போலீஸ் போய் நின்றது நவி மும்பையில், ஓர் அமெரிக்கர் வீட்டு வாசலில். அவருடைய வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது. யாரோ அதில் ஏறி அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். விசாரணையில் வாரக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

சரி, என்ன செய்யலாம்? பத்து நிமிஷ வேலை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு விலாசம் இருக்கும், 192.168.1.1 என்கிற மாதிரி. வைஃபையில் இருந்துகொண்டே பிரவுசரில் அதைத் தட்டுங்கள். முதல் வேலை, அந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்து டபிள்யூ.பி.எஸ்., ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் அணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும். புது சாஃப்ட்வேர் வந்திருந்தால் ஏற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டாகச் சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்துப் போடுங்கள், ‘தக்காளி ஏணி மிருதங்கம் புதன்கிழமை’ மாதிரி. (இதையே போட்டுவிடாதீர்கள். இந்தப் பத்திரிகையை எதிர்வீட்டிலும் வாங்குகிறார்கள்.) விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை வைத்துவிடலாம்.

சோம்பலாக இருந்தால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நெட் பார்ப்பது நீங்கள். ஆனால் பல வீடுகளில் பில் வருவது அப்பா பெயரில். யாராவது வந்து கதவைத் தட்டினால், முதலில் கேட்பதும் அந்தப் பெயரைத்தான்.